வான்குடையில் குதித்த முதல் இந்தியர்: கல்கத்தா ராமச்சந்திர சாட்டர்ஜியின் கதை

பினாங்கு பாடாங் போலோ திடலில் 2015-ஆம் ஆண்டு வெப்பக்காற்றுப் பலூன் விழா தொடங்கியபோது ஜோர்ஜ்டவுன் மக்களுக்கு அது புதுமையான காட்சி. கோலாலம்பூர் கோபுரத்திலிருந்து வான்குடையுடன் குதிக்கும் சாகசக்காரர்களையும் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். ஆனாலும் வானிலிருந்து குதிப்பது வெள்ளைக்காரர் விளையாட்டு, காசு மிகுந்தவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம் மக்களிடம் இன்றும் இருக்கிறது.

விமானம் என்ற ஒன்று பறப்பதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே, 1890-இல், ஓர் இந்தியர் பலூனில் ஏறி மேகத்துக்கு அருகில் போய் வான்குடையோடு குதித்திருக்கிறார். அவர் ராஜா வீட்டுப் பிள்ளையும் அல்ல, ராணுவ வீரரும் அல்ல. கல்கத்தாவில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர், சர்க்கஸில் பார் விளையாடியவர். பெயர் ராமச்சந்திர சாட்டர்ஜி. வங்காளிகள் சட்டோபாத்யாய் என்றும் எழுதுவார்கள்.

கல்கத்தா பினாங்குக்கு அந்நிய ஊர் அல்ல. 1786-இல் பினாங்கு பிரிட்டிஷார் கைக்கு வந்தது முதல் 1867 வரை, சிறிது காலம் நீங்கலாக, இந்தத் தீவின் மேலதிகாரம் கல்கத்தாவில்தான் இருந்தது. சாட்டர்ஜி வாழ்ந்த காலத்திலும் அங்கிருந்து ரங்கூன் வழியாகப் பினாங்குத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. சர்க்கஸ் கம்பெனிகளும் வித்தைக்காரர்களும் அந்தக் கடல் வழியில்தான் ஊர் ஊராகப் போனார்கள். பலூன்காரர்களும் அப்படித்தான்.

சாட்டர்ஜி வடக்குக் கல்கத்தாவின் சிமுலியா பகுதியில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தார். அந்த வேலையின் அருமையைப் புரிந்துகொள்ள அன்றைய வங்காளத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வங்காளிகள் பலவீனமானவர்கள், ஆண்மையற்றவர்கள், எழுத்து வேலைக்கு மட்டுமே லாயக்கு என்று மெக்காலே போன்ற ஆங்கிலேயர்கள் எழுதி வைத்திருந்தார்கள். அது பேச்சோடு நிற்கவில்லை. யாரைப் படையில் சேர்ப்பது, யாரை ஒதுக்குவது என்பதையெல்லாம் அந்த எண்ணம்தான் தீர்மானித்தது. இதே ஆட்சிக் காலத்தில் மலாயாத் தோட்டத் துரைமார்கள் தென்னிந்தியத் தொழிலாளர்களை அடங்கிப் போகிறவர்கள் என்று சொல்லித் தேடித் தேடி ஆள் எடுத்தது தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரிந்த கதைதான்.

இதற்குப் பதில் சொல்லத் துடித்தவர்களில் ஒருவர் நவகோபால் மித்ரா. 1867-இல் தொடங்கிய இந்து மேளாவின் அமைப்பாளர். மேளாவில் மல்யுத்தமும் உடற்பயிற்சிக் காட்சிகளும் முக்கிய இடம் பெற்றன. பத்திரிகை, பள்ளிக்கூடம், உடற்பயிற்சிக்கூடம் என்று தொட்டதற்கெல்லாம் நேஷனல் என்று பெயர் வைத்ததால், ஊர்க்காரர்கள் அவரையே நேஷனல் மித்ரா என்று கூப்பிட்டார்கள். அவர் நடத்திய சர்க்கஸின் பெயரும் நேஷனல் சர்க்கஸ்தான். அந்த சர்க்கஸில் பார் விளையாடிப் பெயர் எடுத்தவர்தான் ராமச்சந்திர சாட்டர்ஜி. எட்டாத உயரத்தில் ஊஞ்சலை விட்டுவிட்டு அடுத்த ஊஞ்சலைப் பிடிக்கும் அந்தக் கைகள்தான் பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தன.

1889-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெர்சிவல் ஸ்பென்சர் என்ற இளம் ஆங்கிலேயர் பம்பாயில் வித்தை காட்டிவிட்டுக் கல்கத்தாவுக்கு வந்தார். பலூன் ஓட்டுவது அவருடைய குடும்பத் தொழில். தாத்தா எட்வர்டு ஸ்பென்சர் ஒரு கொடிய சம்பவத்தை நேரில் பார்த்தவர். 1837 ஜூலை 24-ஆம் தேதி லண்டனில் ராபர்ட் காக்கிங் என்ற முதியவர், தானே வடிவமைத்த கூம்பு வடிவ வான்குடையில் இறங்கப் பார்த்து, அது நொறுங்கி விழுந்து இறந்தார். அவரைத் தூக்கிச் சென்ற பலூனில் இருந்த இருவரில் ஒருவர் எட்வர்டு ஸ்பென்சர். அதன் பிறகு இங்கிலாந்தில் வான்குடை என்றாலே மக்கள் முகம் சுளித்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1888-இல், சர்க்கஸில் வளர்ந்த அமெரிக்கர் தாமஸ் பால்ட்வின் லண்டனுக்கு வந்து மீண்டும் மீண்டும் குதித்துக் காட்டி அந்தப் பயத்தைப் போக்கினார். ஸ்பென்சர் சகோதரர்கள் உடனே அதைப் பிடித்துக்கொண்டார்கள். பெர்சிவல் அதை எடுத்துக்கொண்டு கிழக்கு நாடுகளுக்குக் கப்பல் ஏறினார்.

கல்கத்தாவில் அவருடைய முதல் முயற்சி 1889 மார்ச் 19-ஆம் தேதி குதிரைப் பந்தயத் திடலில் நடந்தது. பெருங்கூட்டம் கூடிவிட்டது. ஆனால் பலூனில் நிரப்பிய வாயுவுக்கு வலு போதவில்லை. பலூன் எழும்ப மறுத்தது, பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. காசு கொடுத்து வந்த கூட்டத்தை வெறுங்கையோடு அனுப்ப முடியாது என்று ஸ்பென்சர் ஒரு முடிவு எடுத்தார். எடையைக் குறைக்க வான்குடையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, கயிற்றில் தொங்கிக்கொண்டு தனியாக மேலே போனார். போனவர் இருட்டில் மறைந்துவிட்டார். மறுநாளும் செய்தி இல்லை. ஆள் இறந்துவிட்டார் என்றே ஊர் முடிவு கட்டியது. மூன்று நாள் கழித்துத்தான் சுந்தரவனப் பக்கத்துக் காட்டுப் பகுதியில் இறங்கி உயிரோடு திரும்பி வந்தார். அன்றைக்குக் கல்கத்தாவில் அவர் பேச்சுத்தான்.

சாதாரணமாக இதைக் கேட்ட ஒருவர், அப்பாடா தப்பித்தான் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். சாட்டர்ஜி நேராக ஸ்பென்சரிடம் போய்த் தொழில் கற்றுக்கொடுக்கும்படி கேட்டார். காசு கொடுத்துத்தான் கற்க வேண்டியிருந்தது. வசதி படைத்த வங்காளிகளின் ஆதரவும் அவருக்குக் கிடைத்தது. அடுத்த மாதமே ஸ்பென்சருடன் ஒரே பலூனில் ஏறினார். பலூனின் பெயர் வைஸ்ராய்.

பலூன் கிளம்பிய இடம் நார்க்கேல்டாங்கா. அங்கேதான் ஓரியண்டல் கேஸ் கம்பெனியின் வாயுத் தொழிற்சாலை இருந்தது. கல்கத்தாவின் தெருவிளக்குகள் 1857 முதல் அந்தக் கம்பெனியின் நிலக்கரி வாயுவில் எரிந்துகொண்டிருந்தன. காற்றைவிட எடை குறைந்த அந்த வாயுவைக் குழாய் வைத்துப் பலூனுக்குள் விட்டால் பலூன் உப்பி எழும்பும். நிரப்பி முடிக்கப் பல மணி நேரம் ஆகும். பக்கத்தில் யாராவது சுருட்டுப் பற்றவைத்தால் எல்லாம் முடிந்துவிடும். வாயுத் தொழிற்சாலை இல்லாத ஊரில் இரும்புத் துகளின்மேல் கந்தக அமிலத்தை ஊற்றி ஹைட்ரஜன் தயாரிக்க வேண்டும், அல்லது வைக்கோல் விறகு எரித்துச் சூட்டுக் காற்றை நிரப்ப வேண்டும். பாடாங் போலோவில் பறந்த பலூன்களில் கேஸ் அடுப்புப் போல எரிந்ததே, அது இந்த மூன்றாவது முறையின் நவீன வடிவம்.

1889 மே மாதத் தொடக்கத்தில் சாட்டர்ஜி துணைக்கு யாரும் இல்லாமல் தனியாக மேலே போனார். பலூனின் பெயர் கல்கத்தா நகரம். பலூனில் தனியாகப் பறந்த முதல் இந்தியர் என்று அவரை வரலாறு குறித்துக்கொண்டது அன்றைக்குத்தான். ஏறத்தாழ முக்கால் மணி நேரம் மிதந்து, நகரத்துக்கு வடக்கே சோதேபூர் பக்கம் பத்திரமாக இறங்கினார். ஆசிரியரிடம் வந்து சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பிறகு அலகாபாத்துக்குப் போய் அங்கும் பறந்து காட்டினார். பலூன் கம்பெனி ஒன்றையும் தன் பெயரில் தொடங்கினார்.

பறப்பது ஒன்று, குதிப்பது வேறொன்று. இன்றைக்கு வானிலிருந்து குதிப்பவர் முதுகில் பை இருக்கிறது. அதற்குள் மடித்துவைத்த குடை, அது விரியாவிட்டால் திறக்க இன்னொரு குடை, குதித்தவர் மயங்கிப் போனால்கூடக் குறிப்பிட்ட உயரம் வந்ததும் தானாகத் திறந்துவிடும் கருவி, தோளையும் தொடையையும் இறுக்கும் பட்டைகள் எல்லாம் உண்டு. முதல் தடவை குதிப்பவரைப் பயிற்றுநர் தன் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கிறார். 1890-இல் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. குடையின் உச்சியை மெல்லிய கயிற்றால் பலூனின் பக்கவாட்டில் கட்டித் தொங்க விட்டிருப்பார்கள். அதன் கீழே ஒரு வளையமோ சிறு கயிற்று இருக்கையோ இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு மனிதர் தொங்க வேண்டும். வேண்டிய உயரம் வந்ததும் தாவினால், அவருடைய எடையைத் தாங்காமல் மெல்லிய கயிறு அறுந்துபோகும். கொஞ்ச தூரம் கல் மாதிரி கீழே விழுவார். காற்றுப் புகுந்து குடை விரிந்தால் அதற்குப் பிறகு மிதப்பார். விரியாவிட்டால் இரண்டாவது வாய்ப்பு இல்லை.

விரிந்த பிறகும் பிடி தளரக்கூடாது. குடை பெண்டுலம் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடும். கை வியர்த்தால் ஆபத்து. அந்தக் காலத்தில் வான்குடை வித்தைக்கு வந்தவர்களில் பலர் சர்க்கஸ்காரர்களாக இருந்ததற்குக் காரணம் இதுதான். பார் விளையாடியவருக்குத்தான் அந்தக் கைப்பிடி இருக்கும். இறங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை. காற்று கொண்டுபோகிற இடம் குளமோ கூரையோ மூங்கில் புதரோ, இறங்க வேண்டியதுதான். ஒரு மாடி உயரத்திலிருந்து குதிப்பது போன்ற வேகத்தில் கால் தரையில் மோதும்.

1890 மார்ச் 22-ஆம் தேதி கல்கத்தா டிவோலி கார்டன்ஸில் சாட்டர்ஜி அதைச் செய்தார். அவரைத் தூக்கிச் சென்ற பலூனுக்கு இந்தியாவின் பேரரசி என்று பெயர். அதாவது விக்டோரியா மகாராணியின் பட்டப்பெயர். பலவீனமானவர்கள் என்று ஆள்பவர்கள் எழுதி வைத்த இனத்தில் பிறந்தவர், அந்த மகாராணியின் பெயர் பொறித்த பலூனிலிருந்து, சொந்த ஊர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கக் குதித்தார். குடை விரிந்தது, பத்திரமாகத் தரை சேர்ந்தார். வான்குடையில் இறங்கிய முதல் இந்தியர் அவர்தான்.

அவருடைய ஆசிரியர் ஸ்பென்சர் அதே ஆண்டில் கிழக்கே போய் ஜப்பானில் இறங்கினார். தோக்கியோவில் ஜப்பானியப் பேரரசர் முன்னிலையிலேயே குதித்துக் காட்டினார். ஜப்பானியர்களுக்கு அது அவ்வளவு பிடித்துப்போய், 1891 ஜனவரியில் கபுக்கி நாடகமாகவே மேடையேறியது. ஐந்தாம் ஒனோஎ கிக்குகோரோ என்ற புகழ்பெற்ற நடிகர் ஸ்பென்சராக வேடம் கட்டினார். ஜப்பானில் வெள்ளைக்காரர் மாதிரி நடித்தார்கள். வங்காளத்தில் ஒருவர் வெள்ளைக்காரர் செய்ததைத் தானே செய்தார். இந்த வேறுபாட்டைப் பார்க்கும்போது சாட்டர்ஜியின் பெயர் இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசப்பட்டிருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

அதன்பின் அவர் வட இந்திய நகரங்களுக்குக் காட்சி நடத்தப் போனார். டில்லி, லாகூர் என்று பயணம் நீண்டது. இந்தக் கட்டத்தில் அவருடைய வாழ்க்கையைப் புகழ் மட்டும் நிறைந்ததாக நினைத்துக்கொள்ளக்கூடாது. பலூன் காட்சி என்பது சூதாட்டம் மாதிரியான வியாபாரம். பலூன் துணியும் வலையும் கயிறும் விலை அதிகம். மூட்டை மூட்டையாக ரயிலில் ஏற்ற வேண்டும். வாயுவுக்கும் கூலியாட்களுக்கும் முன்பணம் தர வேண்டும். காற்று பலமாக வீசினால் காட்சி நடக்காது, நடக்காவிட்டால் கூட்டம் சும்மா விடாது. அதிலும் மோசம், டிக்கெட் வாங்கிக்கொண்டு வேலிக்கு உள்ளே வருபவர் கொஞ்சம், வெளியே நின்று இலவசமாகப் பார்ப்பவர் ஏராளம். வானத்துக்கு யாரும் வேலி போட முடியாதே! ஆகவே பலூன்காரர் ஒரே ஊரில் தங்க முடியாது. ஊர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், தெரியாத நிலத்தில் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

தெரியாத நிலத்தில் இறங்குவது எவ்வளவு கொடியது என்பதற்கு வங்காளத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 1892 மார்ச் 16-ஆம் தேதி ஜீனட் வான் டாசல் என்ற இளம் பெண், டாக்கா நவாப் அசனுல்லாவின் அழைப்பில் காட்சி நடத்தினார். புரிகங்கா ஆற்றின் அக்கரையில் பலூனில் ஏறி, ஆற்றைத் தாண்டி, நவாபின் அசன் மஞ்சில் அரண்மனைக் கூரையில் வான்குடையோடு இறங்குவது திட்டம். ஆற்றங்கரை முழுக்கக் கூட்டம். காற்று அவரை அரண்மனையைத் தாண்டி இழுத்துக்கொண்டுபோய் நவாபின் ஷாபாக் தோட்டத்து உயரமான மரம் ஒன்றில் சிக்க வைத்தது. மூங்கில்களை ஒன்றோடொன்று கட்டி நீட்டி அவரை இறக்கப் பார்த்தார்கள். பாதி வழியில் மூங்கில் கட்டு விட்டுப்போனது. கீழே விழுந்த ஜீனட் அடுத்த சில நாளில் இறந்துபோனார். டாக்கா நாரிந்தா கிறிஸ்தவ மயானத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். வானத்தில் ஒன்றும் நேரவில்லை. மரத்தில் சிக்கியதும் காப்பாற்ற வந்தவர்களிடம் ஓர் ஏணி இல்லாமல் போனதும்தான் உயிரை வாங்கியது.

சாட்டர்ஜி தொழிலை விடவில்லை. அதே 1892-இல் அவருக்கும் அது நேர்ந்தது. மலைப்பாங்கான நிலத்தில் இறங்கும்போது பலத்த காயம் பட்டது. கல்கத்தாவின் வயல்வெளியிலும் சதுப்பு நிலத்திலும் இறங்கிப் பழகியவருக்குப் பாறை மன்னிப்புக் கொடுக்கவில்லை. ஊருக்குக் கொண்டுவந்தார்கள். 1892 ஆகஸ்ட் 9-ஆம் தேதி காலமானார். முதன்முதலில் ஸ்பென்சருடன் பலூனில் ஏறியதிலிருந்து கணக்குப் பார்த்தால் அவர் வானத்தில் வாழ்ந்த காலம் மூன்றேகால் ஆண்டு.

அவர் விட்டுச் சென்ற இடத்தை உடனே நிரப்ப யாரும் வரவில்லை என்றே சொல்ல வேண்டும். வங்காளிகளின் துணிச்சல் சர்க்கஸ் கூடாரத்துக்குள் வளர்ந்தது. பிரியநாத் போஸின் கிரேட் பெங்கால் சர்க்கஸ் புலி வித்தைகளோடு ஊர் ஊராகச் சுற்றியது. கடல் கடந்தும் வந்த பிரியநாத் போஸ் 1920-இல் சிங்கப்பூரிலேயே இறந்தார். ஆனால் வானம் மீண்டும் வெள்ளைக்காரர்களிடமே போய்விட்டது. 1919 ஏப்ரல் 28-ஆம் தேதி அமெரிக்காவில் லெஸ்லி இர்வின், விமானத்திலிருந்து குதித்து, விழுந்துகொண்டிருக்கும்போதே கையால் இழுத்துத் திறக்கும் குடையைச் சோதித்துக் காட்டினார். பலூனில் கட்டித் தொங்கிய குடைகளின் காலம் அதோடு முடிவுக்கு வந்தது. சாட்டர்ஜியின் தொழில்முறையும் அதோடு மறந்துபோனது.

இந்தியர்கள் அடுத்து வரிசையாக வான்குடையில் குதித்தது இரண்டாம் உலகப் போரில்தான். 1941-இல் இந்தியப் படையில் வான்குடைப் படைப்பிரிவு உருவானபோது முதலில் குதித்த இந்தியர்கள் இருவர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். மற்றவர் டாக்டர் ஏ.ஜி. ரங்கராஜ், படையின் மருத்துவ அதிகாரி. இதே ரங்கராஜ் பின்னர் கொரியப் போரில் 60-ஆவது வான்குடை மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கி, 1951 மார்ச்சில் அமெரிக்க வீரர்களோடு சேர்ந்து போர்முனையில் வான்குடையில் இறங்கினார். மகாவீர் சக்கர விருது பெற்றார். பிறகு உலகச் சுகாதார நிறுவனத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தானில் பெரியம்மையை ஒழிக்கப் பாடுபட்டார்.

பொது அறிவுப் புத்தகங்கள் சிலவற்றில் வான்குடையில் குதித்த முதல் இந்தியர் என்ற கேள்விக்கு ரங்கராஜின் பெயர் விடையாக இருக்கும். ராணுவத்தில் முதல்வர் என்றால் அது சரி. ஆனால் ரங்கராஜ் குதித்தபோது, டிவோலி கார்டன்ஸில் சாட்டர்ஜியின் குடை விரிந்து 51 ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.